பாடை முடி

துளசிங்கத்துக்குக் கயிறு கட்டச் சொல்லித்தர ஓர் ஆள் வருகிறாராம். அந்தச் சேதி வந்த அன்று குப்பமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த மணல்திட்டில் பிள்ளைகள் எழுந்து நிற்கப் பழகுவதே ஏதாவது ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான். அதிலும் துளசிங்கம், ஆடுகிற படகில் வாயில் பீடியோடு நின்று ஒற்றைக் கையால் முடி போடுகிறவன். அவனுக்குப் பாடமா!

வந்த ஆளோ சிரிக்கிற ஆளாக இல்லை. ஷாகுல் ஹமீது என்று பேர். பழவேற்காட்டுக்காரர்தான். ஆறு வருஷம் துபாயில் சாரம் கட்டிவிட்டு எண்பத்தொன்றில் ஊர் திரும்பியவர். தலையில் மஞ்சள் தொப்பி, கழுத்தில் விசில். குப்பத்துக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்ட வந்த கான்ட்ராக்டர் அவரைத்தான் சாரத்துக்கு மேஸ்திரியாகப் போட்டிருந்தார். தொட்டி என்றால் சும்மாவா? நல்ல தண்ணீருக்குப் பெண்கள் படகேறி அக்கரைக்குப் போய்க் குடம் குடமாகச் சுமந்துகொண்டிருந்த காலம் அது. ஆணும் பெண்ணுமாக ஊரே கூலிக்கு வரத் தயாராக நின்றது.

"வேலை அப்புறம். மொதல்ல மூணு நாள் பயிற்சி. அதை முடிக்காத எவனும் மேல கால் வெக்கக் கூடாது" என்றார் ஹமீது.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் பக்கத்துக் குப்பத்தில் ஒரு கட்டடத்துக்கு மேல்தளம் போட்டபோது சாரம் சரிந்து, இந்த ஊர் தருமலிங்கம் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். கடலுக்குப் போன மனுஷன் இன்றைக்குக் கோலை ஊன்றிக்கொண்டு கொல்லைக்குப் போகிறான். பயிற்சி நடந்த மூன்று நாளும் அவன் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.  அவனைப் பார்த்தபிறகு சிரிப்புக் கொஞ்சம் அடங்கியது.

"மூணே விஷயம்" என்று ஹமீது விரலை நீட்டினார். "ஒண்ணு, நாலு சுத்து சுத்தி ரெண்டு இறுக்கு முடி. ரெண்டு, கட்டின முடியை உடம்புப் பாரம் மொத்தமும் போட்டு மூணு தடவை இழுத்துப் பாக்கணும். மூணு, மேல நின்னுகினு எவனும் கூச்சல் போடக் கூடாது, ஓடக் கூடாது. நீளமா ஒரு விசில் அடிச்சா நின்ன எடத்துல நிக்கணும். ரெண்டு விசில் அடிச்சா ஒவ்வொருத்தரா எறங்கணும். அவ்ளோதான்."

முதல் விஷயத்திலேயே தகராறு வந்தது. துளசிங்கம் சவுக்குக் கம்பில் நாலு சுற்றுச் சுற்றி, கடைசியில் ஒரு கண்ணி வைத்து, வாலை வெளியே விட்டு நிறுத்தினான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஹமீது கிட்டே வந்து அந்த வாலைப் பிடித்து லேசாக இழுத்தார். மொத்தக் கட்டும் சரசரவென்று அவிழ்ந்து மணலில் விழுந்தது.

"இது இன்னா?"

"உருவு முடி பாய். எங்க கை அப்டித்தான் போவும்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. பாய் விரித்து ஓடுகிற படகில் காற்று சட்டென்று திரும்பினால், பாய்க்கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட வேண்டும். அவிழவில்லையோ, படகு குப்புற, ஆள் அடியில். அவிழ்கிற முடிதான் அவர்களுக்கு உயிர். அவிழாத முடியை அந்தக் குப்பத்தில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் போடுவார்கள். மூங்கில் வெட்டி, புதுக் கயிறு வாங்கி, ஆளைக் கிடத்தி இறுக்கிக் கட்டுகிறார்களே, அதற்கு. அந்த முடிக்கே பாடை முடி என்றுதான் பேர்.

இதை ஒருவனும் ஹமீதிடம் சொல்லவில்லை. வெளியாளிடம் போய் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்களா? சிங்காரம் மட்டும், அவன் துளசிங்கத்தின் கூட்டாளி, வாய் சும்மா இருக்காது, பேச்சை வேறு பக்கம் திருப்பினான்.

"கடல்லயும் பாயை நம்பிகினுதான் போறோம். கரையிலயும் பாயைத்தான் நம்பணும்ன்றியா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ஹமீதுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் பாய் கவுத்தா தண்ணியில வுழுவே. இந்தப் பாய் பேச்சைக் கேக்கலன்னா தரையில வுழுவே. எது வசதின்னு தருமலிங்கத்தைக் கேளு" என்றார். "இன்னொண்ணும் கேட்டுக்கோ. படகுல ஈரக் கயிறு. கடிச்சுகினு நிக்கும். இங்க காஞ்ச கயிறு. ஆள் நடக்க நடக்க ஆடும், ஆட ஆட உருவும். உருவு முடி இங்க ஆவாது."

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லோரும் இறுக்கு முடி போட்டார்கள். சவுக்குக் கம்புதானே, மூங்கில் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டு போட்டார்கள். துளசிங்கம் போட்டதுதான் எல்லாவற்றிலும் கெட்டியாக இருந்தது. ஹமீது அதை இழுத்துக் காட்டி மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

இரண்டு அடுக்கு சாரம் ஏறியதும் சவுக்கு தீர்ந்துபோனது. மறுநாள் காலையில் பழவேற்காட்டிலிருந்து வந்த படகில் சவுக்கு இல்லை. பச்சை மூங்கிலும் புதுக் கயிறுமாக வந்து இறங்கியது. மணலில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்தபோது ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சிங்காரம்கூடப் பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

 மற்றவர்களுக்கு மூங்கில் வெறும் அருவருப்பு. துளசிங்கத்துக்கு அப்படியில்லை. அவன் பெண்சாதி ஜெயம்மா ஏழு மாசம். முதல் பிள்ளை ஐந்தாம் மாசத்திலேயே போய்விட்டது. இரண்டாவது செத்துப் பிறந்தது. இந்தத் தடவை ஊரில் பிரசவம் பார்க்கிற அவன் அத்தை குப்பம்மா ஆரம்பத்திலேயே அவனை உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள்.

"புள்ளத்தாச்சி வூட்டுக்காரன் நீ. பாடைக்குத் தோள் குடுக்காத, முடி போடாத. உன் கையால ஒரு பாடை முடி வுழுந்துதுன்னா அது அவ வயித்துல வுழுந்தா மாதிரி. அப்புறம் என்கிட்ட வந்து அழுவாத."

அவள் சொன்னாள் என்றால் சொன்னதுதான். கூட வலை இழுக்கிற தனக்கோடியின் நைனா செத்தபோதுகூடத் துளசிங்கம் தெருமுனையோடு நின்றுகொண்டான். அப்படி இருந்தவன் இப்போது மூங்கிலையும் புதுக் கயிற்றையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

ஹமீதிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூன்று நாள் அந்த மனுஷனிடம் நல்லபேர் வாங்கிவிட்டு, இப்போது போய், "பாய், எனக்கு மூங்கிலைக் கண்டால் பயம்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. மூன்றாவது அடுக்கில் ஏரிப் பக்கம் அவன் பங்கு. ஐந்து கட்டு. ஐந்திலும் நாலு சுற்றுச் சுற்றினான். கடைசியில் இறுக்கு முடி போடாமல் கண்ணி வைத்து, வால் வெளியே தெரியாமல் சுற்றுக்குள் செருகிவிட்டான். வாலைப் பிடித்து இழுத்தால்தானே அவிழும்? இருபது அடி உயரத்தில் யார் வந்து இழுக்கப்போகிறார்கள்? இப்படித் தனக்குத் தானே காதில் பூச்சுற்றிக்கொண்டு இறங்கினான்.

சாயங்காலம் ஹமீது ஏறி ஒவ்வொரு கட்டாகச் சோதித்தார். ஏரிப் பக்கத்துக் கட்டிலும் தொங்கி மூன்று தடவை இழுத்தார். அசையவில்லை. உருவு முடியும் அப்படி இழுத்தால் நிற்கத்தான் செய்யும்.

"உன் கட்டை இழுத்துப் பாக்கறதே பாவம்ப்பா" என்று துளசிங்கத்தின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு அவனுக்கு அடி மாதிரி விழுந்தது.

சித்திரை மாசம் தொட்டிக்குத் தளம் போடுகிற நாள் வந்தது. காலையிலிருந்து கச்சான் என்கிற மேல்காற்று, அனலாக. கீழே கலவை போட்டு, இரும்புச் சட்டியில் அள்ளி, சாரத்தில் அடுக்கடுக்காக நிற்கிற பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். நடுவில் நிறுத்த முடியாத வேலை. ஜெயம்மா தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவாள் என்று பேச்சு. கீழேயே இருப்பாள் என்ற தைரியத்தில்தான் துளசிங்கம் படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குச் சிமென்ட் மூட்டை ஏற்றப் போனான்.

மூட்டையோடு திரும்பிக் கொண்டிருந்தான். கரைக்கு இன்னும் நூறு அடி இருக்கும். கழியை ஊன்றித் தள்ளியபடியே நிமிர்ந்து சாரத்தைப் பார்த்தான். மூன்றாவது அடுக்கில் ஏரிப் பக்கம் நாலு பெண்கள் நின்றார்கள். காலையில் அந்த இடத்தில் நின்ற ஒருத்தியைக் காணோம். அவளுக்குப் பதில் சிவப்புப் புடவை. முந்தானையை வயிற்றுக்கு மேல் இழுத்துச் செருகியிருந்தது.

ஜெயம்மா.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். ஜெயம்மாவேதான். அவள் காலுக்குக் கீழே, குறுக்கு மூங்கிலைக் கட்டின இடத்தில், ஒரு சாண் கயிறு தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அது அவன் செருகி மறைத்த வால். தானாக வெளியே வந்திருந்தது.

கத்த வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். கத்தினால் என்ன ஆகும்? "கட்டு அவுருது" என்று கேட்ட மாத்திரத்தில் அடித்துப் பிடித்து ஓடுவார்கள். ஓடினால் மொத்தமும் உதறும். மூன்றாவது விஷயம். எவனும் கூச்சல் போடக் கூடாது. ஐயோ, அந்த நூறு அடி! தொண்டைக்குள் வந்த கத்தலை முழுங்கிக்கொண்டு, கழியை ஊன்றி, ஊன்றி, கரை தட்டுவதற்கு முன்பே இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தான். கரையேறி நடந்தான். ஓடக்கூட இல்லை. ஓடினால் மேலிருந்து யாராவது பார்த்து என்ன என்று கேட்பார்கள்.

ஹமீது கலவைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பாய். மூணாவது அடுக்கு, ஏரிப் பக்கம். அஞ்சு கட்டு. உருவு முடி போட்டுட்டேன். ஒண்ணு கயண்டுகினு கீது."

ஹமீது ஏன் என்று கேட்கவில்லை. திட்டவில்லை. அதற்கெல்லாம் நேரம் எங்கே?

"எது?"

"செவப்புப் பொடவை நிக்குதே, அதுக்குக் கீழ. எம் பொண்டாட்டி பாய்."

ஹமீது விசிலை வாயில் வைத்து நீளமாக ஒரு தடவை ஊதினார். கைமாற்றம் நின்றது. சாரத்தில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஜெயம்மாவின் கையில் நிறைந்த சட்டி ஒன்று இருந்தது. அதை இடுப்பில் சாய்த்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, அளவு ஒண்ணு பாக்கணும்!" என்று ஹமீது கடைத்தெருவில் பேசுகிற குரலில் சொன்னார். "யாரும் அசையாதீங்க. அசைஞ்சா அளவு தப்பிடும்."

"சீக்கிரம் பாரு பாய், கலவை இறுகிடும்!" என்றான் சிங்காரம். அவன் தொட்டியின் உச்சியில் பலகைத் தட்டின்மேல் நின்றிருந்தான்.

அதற்குள் துளசிங்கம் தோளில் புதுக் கயிற்றோடு சாரத்தின் உட்புறமாக ஏறத் தொடங்கியிருந்தான். கம்பு அதிராமல் ஏற வேண்டும். ஒவ்வொரு காலையும் வைத்து, பாரம் போட்டு, பிறகு அடுத்த கால். முதல் அடுக்கு. இரண்டாம் அடுக்கு. மூன்றாவதன் அடியில் வந்து நிமிர்ந்தபோது பலகை இடுக்கில் ஜெயம்மாவின் பாதங்கள் தெரிந்தன. விரலெல்லாம் சிமென்ட்.

கட்டைப் பார்த்தான். கண்ணி பாதி உருவிவிட்டிருந்தது. அவன் பார்த்துக் கொண்டிருக்கும்போதே மூங்கில் ஒரு விரல்கடை கீழே இறங்கியது. மேலே பலகை கிறீச்சிட்டது.

"ஐயோ" என்றாள் ஜெயம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற சாமுண்டீஸ்வரி.

"அசையாத அக்கா. அளவு" என்றான் துளசிங்கம் கீழேயிருந்து. அவன் குரல் அவனுக்கே யாருடைய குரலோ போல இருந்தது.

பழைய கட்டைத் தொடாமல் அதன் மேலேயே புதுக் கயிற்றைச் சுற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. முடி போட்டான். போட்டுவிட்டுப் பார்த்தால், கண்ணி! கை தானாகவே கண்ணி வைத்துவிட்டிருந்தது. பாவி கை! இருபது வருஷப் பழக்கம் இந்த நேரத்திலா வந்து நிற்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு அதை உருவினான். 

ஜெயம்மா சட்டிக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். புருஷன் தலையும் கையும் தெரிந்தன. அவள் முட்டாள் இல்லை. கயிறு பிடித்த வீட்டில் பிறந்தவள்.

"இன்னாய்யா பண்ற அங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லமே. நில்லு."

அவன் கயிற்றின் இரண்டு முனையையும் மாற்றிக் கோத்து முதல் இறுக்கை இழுத்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது பாடை முடி இல்ல?"

அவன் கை நின்றுவிட்டது. மேலே அவள் வயிறு. வயிற்றுக்குள் அது. கீழே அவன் கையில் அந்த முடி. குப்பம்மா அத்தை சொன்னது காதில் வந்து நின்றது.  மூங்கில் இன்னொரு விரல்கடை இறங்கியது.

"கட்டுய்யா" என்றாள் ஜெயம்மா. குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது. "சட்டி கனக்குது. கட்டித் தொலை!"

கட்டினான். ஒரு இறுக்கு. அதன் மேல் இன்னொரு இறுக்கு. காலைக் கம்பில் கொடுத்து, உடம்புப் பாரம் மொத்தத்தையும் அதில் போட்டுத் தொங்கினான். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை. மூங்கில் அசையவில்லை.

கீழே பார்த்துத் தலையை ஆட்டினான். ஹமீது இரண்டு விசில் ஊதினார்.

"டீ வந்துடுச்சு! ஒவ்வொருத்தரா எறங்குங்க!"

"இப்பத்தானேய்யா குடிச்சோம்?" என்றான் சிங்காரம் உச்சியிலிருந்து.

"துபாய்ல இப்பிடித்தான், அடிக்கடி குடுப்பாங்க. நீ அங்கயே நில்லுடா!"

முதலில் ஓரத்தில் நின்றவர்கள், பிறகு சாமுண்டீஸ்வரி, கடைசியில் ஜெயம்மா. அவள் கால் மணலில் பட்டதும்தான் துளசிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மீதி நாலு கட்டையும் அவனே இறுக்கி முடித்து இறங்கினான். அவன் கை அன்று ஐந்து பாடை முடி போட்டுவிட்டது.

ஹமீது அவன் கழுத்துத் துண்டைப் பிடித்து எல்லோருக்கும் நடுவில் இழுத்து நிறுத்தினார்.

"சொல்லு. இன்னா பண்ணேன்னு எல்லார் காதுலயும் வுழறா மாதிரி சொல்லு."

துளசிங்கம் சொன்னான். மூங்கில், புதுக் கயிறு, குப்பம்மா அத்தை சொன்னது, ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போது ஜெயம்மாவின் பக்கம் திரும்பவில்லை.  தருமலிங்கம் கோலை மணலில் ஊன்றி ஊன்றி எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது தனக்கோடி தொண்டையைச் செருமினான்.

"பாய்... தெக்கால பக்கம் என்னுது ரெண்டு கீது. அதுவும் உருவு முடிதான்."

"அடப்பாவி!" என்றார் ஹமீது.

"என்னுது நாலு" என்று உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது. சிங்காரம்தான். "இன்னா பாய் பண்றது? நாலையும் கட்டிட்டுச் சொல்லு. நான் அப்புறமாவே எறங்கறேன்."

எண்ணிப் பார்த்ததில் துளசிங்கத்தின் ஐந்தோடு சேர்த்துப் பதினொன்று. ஹமீது மஞ்சள் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு நாள் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனேனே! ஒருத்தனாவது வாயைத் தொறந்து, பாய், மூங்கில் எங்களுக்கு ஆவாதுன்னு சொன்னீங்களாடா? ஒரு நாள் பொறுத்திருந்தா மீஞ்சூர்லருந்து சவுக்கு வந்திருக்கும். சிரிப்பேன்னு நெனச்சீங்களா? எங்க ஊட்லயும் புள்ளத்தாச்சி இருந்தா ஆயிரம் ஆவாது கீதுடா. சொல்லணும்டா. மேல ஏறுறவன் எதையும் வாய்க்குள்ள வெச்சுகினு ஏறக் கூடாது. அதான் நாலாவது விஷயம். மொத விஷயமே அதுதான்!"

யாரும் நிமிரவில்லை. தனக்கோடி எழுந்துபோய்த் தன் இரண்டு கட்டையும் இறுக்கினான். மற்றதை ஹமீது தன் கையால் கட்டினார். சாயங்காலத்துக்குள் தளம் போட்டு முடிந்தது. மறுநாளிலிருந்து துளசிங்கத்துக்குக் கட்டுகிற வேலை இல்லை என்றார் ஹமீது. காலையில் ஆள் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு முடியாக இழுத்துப் பார்க்கிற வேலை அவனுக்கு. தண்டனையா, நம்பிக்கையா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஆனால் வீட்டில் அவனால் ஜெயம்மாவின் வயிற்றைப் பார்க்க முடியவில்லை. அவள் முகம் சுளித்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவான். குழந்தை உதைக்கிறதா என்று நாளைக்கு நாலு தடவை கேட்பான். "உதைக்குது, உன்னைத்தான் உதைக்கணும்ன்னு உதைக்குது" என்பாள் அவள். அந்தச் சாரத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. குப்பம்மா அத்தைதான் விஷயம் கேள்விப்பட்ட அன்றிலிருந்து அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஆனி மாசத்தில் ஒருநாள் விடியற்காலையில் வலி கண்டது. உச்சிவெயில் ஏறியும் பிள்ளை இறங்கவில்லை. குப்பம்மா வீட்டிலிருந்த முடிகளை எல்லாம் அவிழ்க்கச் சொன்னாள். ஜெயம்மாவின் கொண்டையை அவிழ்த்தார்கள். மூலையில் சுருட்டிக் கட்டியிருந்த வலையை அவிழ்த்தார்கள். கதவுக் கயிறு, உறிக் கயிறு, கரையில் கட்டியிருந்த படகின் கயிறு, எல்லாம் ஆயிற்று. படகைச் சாமுண்டீஸ்வரியின் புருஷன் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். அப்படியும் பிள்ளை வரவில்லை.

குப்பம்மா வெளியே வந்தாள். இரண்டு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் துளசிங்கத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"உன் கையால அவ காலுக்குக் கீழ போட்டது இன்னும் ஒண்ணு கீதுடா. எதுன்னு உனக்கே தெரியும். போ. போய் அவுத்துட்டு வா."

துளசிங்கம் தலையைத் திருப்பினான். குடிசைகளுக்கு மேலாகத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. சாரம் இன்னும் பிரிக்கவில்லை, பூச்சு வேலை நடந்து கொண்டிருந்தது. மூன்றாவது அடுக்கில் ஏரிப் பக்கம் சிங்காரமும் தனக்கோடியும் நின்றார்கள். ஹமீதின் மஞ்சள் தொப்பியும் அங்கேதான் தெரிந்தது. காலையில் அவன்தான் அந்த முடியை இழுத்துப் பார்த்து, ஏறலாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

உள்ளேயிருந்து ஜெயம்மாவின் முனகல் கேட்டது. செத்துப் பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. அதற்குமேல் அவனுக்கு எதுவும் ஓடவில்லை. கூரையில் செருகியிருந்த சூரிக் கத்தியை உருவிக்கொண்டான். ஆளை இறங்கச் சொல்லலாம், சொன்னால் இறங்குவார்கள், ஆனால் எத்தனை நேரம் ஆகும், அதற்குள் இங்கே என்ன ஆகும், என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிக் காலை வைத்தான்.

"யோவ்!"

உள்ளேயிருந்துதான். வலியில் கிழிந்து வந்த குரல்.

"போவாத! மேல ஆள் நிக்கறாங்க!"

"நீ சும்மா கிடடீ" என்று குப்பம்மா உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். "உன் உசுரு முக்கியமா, ஊர் முக்கியமா?"

"அந்த முடி மேலதான் அத்தே நானும் இதுவும் நின்னோம்! அது புடிச்சுதான் நாங்க உசுரோட கீறோம்! அவுத்துட்டு வந்தேன்னா இந்த வூட்டுக்குள்ள காலை வெக்காத, சொல்லிட்டேன்!"

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. ஒரே கத்தலாகக் கத்தினாள். குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். துளசிங்கம் கொதிக்கிற மணலில் கத்தியோடு நின்றான். தொட்டிப் பக்கம் ஒரு கால், வீட்டுப் பக்கம் ஒரு கால். எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்கே தெரியாது. கத்தி கையிலிருந்து நழுவி விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. அப்படியே குந்தி, இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

குழந்தை அழுத சத்தம் கேட்டபோது முதலில் அவன் நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்டது. பிறகு நிற்காமல் கேட்டது.

குப்பம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகமெல்லாம் வேர்வை.

"பொண்ணு" என்றாள். "கொழுகொழுன்னு கீது. கழுத்துல கொடிகூட சுத்தல." சொல்லிவிட்டு, தோற்றுப்போனவள் மாதிரியும் இல்லாமல் ஜெயித்தவள் மாதிரியும் இல்லாமல், தொட்டி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "கழுவிட்டுக் கூப்புடறேன். எங்கயும் போய்டாத."

அவன் போனான். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறும் போல இருந்தது. தொட்டியடிக்கு நடந்து, உட்புறமாக ஏறி, மூன்றாவது அடுக்கின் அடியில் நின்றான். கயிறு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. முடி அப்படியே இருந்தது.

"இன்னாடா, வூட்ல இன்னா ஆச்சு?" என்று மேலேயிருந்து சிங்காரம் பதறிக்கொண்டு கேட்டான்.

"பொண்ணு."

"அடிசக்கை! அப்புறம் இன்னாத்துக்குடா இங்க வந்து நிக்கற?"

துளசிங்கம் காலைக் கம்பில் கொடுத்து, உடம்புப் பாரம் மொத்தத்தையும் போட்டு, மூன்று தடவை இழுத்தான். பிறகு அடுத்த முடிக்கு நகர்ந்தான்.